கிரெடிட் கார்டில் பணம் எடுத்தவர்கள் வங்கியிடம் என்ன கேட்கலாம்

ஆத்திர அவசரத்துக்கு ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்துவிட்டு, அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத் திகைத்துப் போனவர்கள் பலரோடு வங்கிக் கிளைக்குப் போய் நின்றிருக்கிறேன். "எல்லாம் ரூல்ஸ்படிதான் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ரூல்ஸில் என்ன இருக்கிறது என்று யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

பின்னணி இவ்வளவுதான். கார்டு கொடுக்கும் வங்கிகளுக்கான விதிமுறைகளை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டது. அவற்றில் பெரும்பகுதி அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் எடுக்கும் கட்டணத்துக்கும் வட்டிக்கும் அதில் எண்ணாக உச்சவரம்பு கிடையாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையல்ல என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. அதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே "இவ்வளவு வட்டியா?" என்று கேட்டு வாதாடிப் பயனில்லை. முன்கூட்டியே சொன்னார்களா, சம்மதம் வாங்கினார்களா, கணக்கு சரியா என்று கேளுங்கள். அங்கேதான் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பல வங்கிகள் எடுத்த தொகையில் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் என்று கட்டணம் வைத்திருக்கின்றன. இந்தக் "குறைந்தது"தான் ஏழைகளை அடிக்கிறது. 3,000 ரூபாய் எடுத்தவருக்கும் 500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய். எடுத்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போய்விடுகிறது. அதே பணத்தை இரண்டு தடவையாக எடுத்தால் இரண்டு முறை 590. வேறு வழியே இல்லை என்றால் ஒரே தடவையில் எடுங்கள்.

இதற்கு மேல்தான் வட்டி. கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.75 சதவீதம் வாங்கும் வங்கி என்றால் 10,000 ரூபாய்க்கு 30 நாளில் சுமார் 370 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி. கட்டணத்தையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். "மாதத்துக்கு ஐந்து தடவை ஃப்ரீ" என்று நினைத்து எடுத்தவர்களும் உண்டு. அந்தச் சலுகை சேமிப்புக் கணக்குக்கானது, கிரெடிட் கார்டுக்கு அல்ல.

பில் வந்ததும் முழுத்தொகையையும் கட்டிவிட்டேன், அப்புறமும் ஏன் வட்டி வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் நடுவில் ஓடிய நாட்களின் வட்டி அது. அடுத்த பில்லில் வரும். பில்லுக்காகக் காத்திருக்காதீர்கள். பணம் கையில் வந்த அன்றே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, இன்று முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை (மினிமம் ட்யூ) மட்டும் கட்டினால் அந்தக் கடன் வருடக்கணக்கில் இழுக்கும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும்.

ஒரே வங்கியின் டெபிட் கார்டும் கிரெடிட் கார்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு பெரியவர் இரண்டுக்கும் ஒரே பின் நம்பர் வைத்திருந்தார். பென்ஷன் பணம் எடுப்பதாக நினைத்துக் கிரெடிட் கார்டைப் போட்டுவிட்டார். "என் பணத்தைத்தானே தம்பி எடுத்தேன்?" என்று அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கட்டணத்தைத் திருப்பித் தர வங்கி மறுத்துவிட்டது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வங்கி ஆப்பில் கிரெடிட் கார்டின் ஏடிஎம் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். அப்படி அணைத்து வைக்கும் வசதியை வாடிக்கையாளருக்குத் தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

பொருளைத் திருப்பிக் கொடுத்த பணம் கார்டில் வரவாக நிற்கும்போது, அதை ஏடிஎம்மில் எடுக்காதீர்கள். உங்கள் சொந்தப் பணத்துக்கே கட்டணம் பிடிக்கும் வங்கிகள் இருக்கின்றன. வங்கிக் கணக்குக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். கேட்ட மூன்று வேலை நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்பது விதி.

இனி, அலைக்கழிப்பு. கிளைக்குப் போனால் "கார்டு பிரிவு தனி, இங்கே எதுவும் செய்ய முடியாது" என்பார்கள். போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கேட்டுக் கடைசியில் லைன் துண்டாகும். போனில் பேசியதற்கு உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது. மின்னஞ்சலில் எழுதி, புகார் எண்ணை வாங்குங்கள். அதில் "வட்டி அதிகம்" என்று எழுதாதீர்கள். வட்டி விகிதம் வங்கியின் வணிக முடிவு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். எழுத வேண்டியது இப்படி: இந்தக் கட்டணம் எனக்குக் கொடுத்த முக்கிய நிபந்தனைத் தாளில் எங்கே இருக்கிறது? கட்டணத்தைக் கூட்டியிருந்தால் ஒரு மாதம் முன்பே அனுப்ப வேண்டிய அறிவிப்பு எங்கே? கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டி போடக்கூடாது என்று விதி இருக்கிறதே, என் கணக்கில் அப்படிச் சேர்க்கவில்லை என்று நாள்வாரியாகக் காட்டுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வாயால் சமாளிக்க முடியாது, கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஏடிஎம்மில் பணம் வராமலேயே கார்டில் கடன் ஏறிவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வராத அந்தப் பணத்துக்குப் போட்ட கட்டணத்தையும் வட்டியையும் சேர்த்துத் திருப்பும்படி தனியாக எழுதிக் கேளுங்கள். அசலை மட்டும் திருப்பிவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள்.

வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம், 14448 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வக்கீல் மூலம் போனால் ஏற்கவே மாட்டார்கள். முதலில் வங்கிக்கு எழுதாமல் நேரே இங்கே வந்தாலும் தள்ளுபடிதான். நிறையப் பேர் விழும் பள்ளம் இது.

கார்டே வேண்டாம் என்று முடிவு செய்தால், பாக்கியை அடைத்துவிட்டு மின்னஞ்சலிலோ ஆப்பிலோ மூடச் சொல்லுங்கள். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக்கூடாது. பரிசுக் கூப்பன் தருகிறோம், ஒரு வருடம் இலவசம் என்று பேசி நாளைக் கடத்துவார்கள். கோரிக்கை போய்ச் சேர்ந்து ஏழு வேலை நாளில் மூடாவிட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில், மூடும் வரை ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்கு அவர்கள் தர வேண்டும். தானாக வந்து சேராது. எத்தனை நாள் தாமதம் என்று எண்ணி, தொகையைப் போட்டு, அதே மின்னஞ்சலுக்கு மறுபடி எழுதுங்கள்.