‘கோ’வுக்கு ‘வென்ட்’ எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் ‘வாக்’ என்றால் இறந்தகாலம் ‘வாக்ட்’. ‘கோ’வுக்கு மட்டும் ஏன் ‘வென்ட்’? ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள் என்று வகுப்பில் முடித்துவிட்டார்களாம். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த விதிவிலக்குக்குள்தான் கதையே இருக்கிறது.

‘வென்ட்’ இன்னொரு வினைச்சொல்லின் சொத்து. அந்தச் சொல் ‘வெண்ட்’. நண்டில் கேட்கும் மெல்லிய டகரத்தோடு சொல்லுங்கள். முதலில் அதற்குத் திருப்புதல், திரும்புதல் என்று பொருள். பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிப் போதல். முறுக்குவதைக் குறிக்கும் ‘வைண்ட்’ அதற்கு நெருங்கிய உறவு. இப்படி முடியும் சில சொற்களின் இறந்தகாலத்தில் மெல்லிய டகரம், பட்டில் கேட்கும் டகரமாக வலுத்துவிடும். ‘செண்ட்’ ‘சென்ட்’ ஆகிறது, ‘பெண்ட்’ ‘பென்ட்’ ஆகிறது. அப்படியே ‘வெண்ட்’, ‘வென்ட்’ ஆனது. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்!

‘கோ’வின் பழைய இறந்தகாலம் ‘ஏயொடெ’. அதுவுமே வேறு வேரில் பிறந்ததுதான். சுமார் 1500 வாக்கில் அந்த இடத்தை ‘வென்ட்’ முழுதாகப் பிடித்துக்கொண்டது.

சரி, குழந்தைகள் சொல்வதுபோல ‘கோ’வோடு ‘எட்’ சேர்த்து ஏன் பெரியவர்களும் பேசவில்லை? நாள் முழுக்க நாவில் புழங்கும் சொல் மறப்பதில்லை. மறந்தால்தானே பொது விதியைத் தேடிப் போவோம்? 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்குக் கணக்கே போட்டது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைச்சொற்களைப் பின்தொடர்ந்தார்கள். இன்றும் அப்படியே இருப்பவை 98. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் சொல், பத்து மடங்கு வேகமாகப் பொது விதிக்குள் வந்துவிடுகிறது. சொற்களை எண்ணும் இத்தகைய ஆய்வுகளுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

‘கோ’வின் மரபுத்தொடர்களிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஆங்கிலத்தில் பால் கெடுவதற்கும் புத்தி பேதலிப்பதற்கும் ‘கோ’. கனவு நனவாவதற்கு ‘கம்’. இயல்பான நிலையை வீடாக வைத்துக்கொண்டால், அதை விட்டு விலகுவது போவது, அதை அடைவது வருவது. நாமும் கெட்டுப் போனது, நினைவு வந்தது என்றுதானே சொல்கிறோம்!

இறந்தகாலத்தைப் பறிகொடுத்த ‘வெண்ட்’, ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. இன்று பெரும்பாலும் ‘வெண்ட் ஒன்ஸ் வே’ என்ற தொடரில்தான் அதைப் பார்க்க முடிகிறது. நேரே விரைவதற்கு அந்தத் தொடர் பொருந்தாது. வளைந்து திரும்பி நிதானமாகப் போவதற்கே பொருந்தும்.