கிளியா முன்னோடிச் செல்: சொல் விளக்கம்

நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையான மயலின் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் தொடர், 'கொறிணிகளின் முதல்நிலை கிளியா முன்னோடிச் செல்கள்'. கொறிணி என்பது எலி, சுண்டெலி போன்ற கொறிக்கும் விலங்குகளைச் சேர்த்துச் சொல்லும் சொல். மற்றவற்றுக்குத்தான் விளக்கம் தேவை.

கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. நரம்புச் செல்களுக்கு நடுவே நிறைந்திருப்பது அவற்றை ஒட்டவைக்கும் பொருள் என்று நினைத்து, 1850-களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 'நியூரோகிளியா' என்று பெயரிட்டார். மயலின் என்பதும் அவர் வைத்த பெயர்தான். மூலம், மஜ்ஜையைக் குறிக்கும் 'மியலோஸ்'. தண்டுவடத்துக்கும் அதே சொல் உண்டு. போலியோமயலைடிஸ் என்ற நோய்ப் பெயருக்குள் இருப்பது அதுதான்.

1921-இல் ஸ்பெயினின் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா, வெள்ளிச் சாயமேற்றி, கிளைகள் குறைந்த ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார். அதுதான் ஒலிகோடென்ட்ரோகிளியா; அதன் செல்லை ஒலிகோடென்ட்ரோசைட் என்பார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழையின் மேல் பாய் சுருட்டுவது போல மயலினைச் சுற்றுவது இந்தச் செல்தான். வெறும் பசை செய்கிற வேலையா இது? அதனால்தான் 'நரம்புப்பசைச் செல்' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. விர்ஷோவின் பழைய ஊகத்தை அது தமிழுக்கும் கொண்டுவந்துவிடுகிறது. கிளியா என்றே எழுதலாம்.

'முன்னோடி' சரியான சொல். குருத்தணு (ஸ்டெம் செல்) பல வகையாக மாறக்கூடியது. முன்னோடி ஏற்கெனவே ஒரு திசையில் கிளம்பிவிட்டது. ஆனாலும் சூழலுக்கு ஏற்ப அது திரும்பும். 1983-இல் மார்ட்டின் ராஃப் குழுவினர் எலியின் பார்வை நரம்பிலிருந்து எடுத்த முன்னோடிகள், சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத வளர்ப்பில் ஒலிகோடென்ட்ரோசைட்டாகவும், சீரம் சேர்த்ததும் இன்னொரு கிளியா வகையான ஆஸ்ட்ரோசைட்டாகவும் மாறின.

'முதல்நிலை' என்றால் விலங்கிலிருந்து நேரடியாக எடுத்தது, காலவரையின்றிப் பெருகும் செல் வரிசை அல்ல. சிலர் 'முதன்மை' என்று எழுதுகிறார்கள். அது 'முக்கியமான' என்று படும், தவிர்ப்பது நல்லது.

எடுக்கும் முறை 1980-இல் மெக்கார்த்தியும் டி வெல்லிஸும் வெளியிட்டது. பிறந்த எலிக்குட்டியின் பெருமூளைப் புறணிச் செல்களைக் குடுவையில் வளர்த்தால், ஒரு வாரம் பத்து நாளில் ஆஸ்ட்ரோசைட்டுகள் அடியில் படுகையாகப் பரவும். அதன் மேல் முன்னோடிகள் லேசாக ஒட்டியிருக்கும். முதலில் கொஞ்ச நேரம் குலுக்கி, உதிரும் மைக்ரோகிளியாவை (மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள்) கொட்டிவிடுவார்கள். அப்புறம் இரவு முழுக்கக் குலுக்கினால் முன்னோடிகள் கழன்று வரும். செல் பெருகத் தூண்டும் புரதமான பிளேட்லெட் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அவை பெருகும். அதை நிறுத்தி தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் முதிரும். முதிர்ந்தவை உயிரில்லாத பாலிஸ்டைரீன் இழையைக்கூடச் சுற்றிக்கொள்கின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் சிதையும் மயலினை மீட்கக்கூடிய மருந்துகளை முதலில் இச்செல்களில் சோதிப்பது இதனால்தான்.

இலங்கையில் செல்லைக் கலம் என்பார்கள். அங்கே 'கிளியா முன்னோடிக் கலம்' என்று எழுதலாம்.