ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி எதனால் வருகிறது?

என்னிடம் வரும் குடும்பங்களில் சிலர் 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி' என்று சினிமாவில் கேட்ட பெயரோடுதான் உள்ளே வருவார்கள். பெரும்பாலும் அது வேறு ஏதாவதாக இருக்கும். மனச்சிதைவையும் (ஸ்கிசோஃப்ரினியா) இதையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்; அது வேறு நோய். ஒரே ஆளுக்குள் வேறு வேறு ஆட்கள் மாறி மாறி வெளிவருவதுதான் ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி, மருத்துவப் பெயர் விலகல் அடையாளக் கோளாறு. அது நிஜமாகவே இருக்கும்போது எல்லோரும் கேட்பது, "இது எதனால வந்துச்சு?"

அதிகம் ஏற்கப்பட்ட விளக்கம் சிறுவயதுக் கொடுமை. 'நான்' என்ற முழு உணர்வோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை, அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடி வரும். அந்த வயதில் அடியும் பாலியல் வன்முறையும் தொடர்ந்தால், அதுவும் சோறு போடுகிற ஆளே அதைச் செய்தால், பிள்ளையால் ஓடவும் முடியாது, வெறுக்கவும் முடியாது. ராத்திரி நடந்ததைச் சுமக்கும் பகுதியும் காலையில் பள்ளிக்கூடம் போகும் பகுதியும் சேராமலேயே வளர்ந்துவிடுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிராங்க் புட்னம் குழு 1986இல் மருத்துவர்களிடம் திரட்டிய 100 பேரின் விவரத்தில் 97 பேருக்கு இப்படி ஒரு சிறுவயது வரலாறு இருந்தது. ஆனால் அவை வளர்ந்த பிறகு சொன்ன நினைவுகள்.

இந்த விளக்கத்தை ஏற்காத தரப்பு அங்கேதான் பிடித்தது. உளவியலாளர் நிக்கோலஸ் ஸ்பானோஸ் போன்றவர்கள், சிகிச்சையாளர்களே நோயாளியை ஹிப்னாஸிஸில் உட்காரவைத்து "உள்ளே வேறு யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக் கேட்டே ஆட்களை உருவாக்கினார்கள் என்றார்கள். 1980களில் அமெரிக்காவில் நோயாளிகள் திடீரெனப் பெருகியதைப் பார்த்தால் அதை ஒதுக்க முடியவில்லை. ஆனால் 2012இல் ரெய்ண்டர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, இந்த நோய் இருப்பதுபோல் நடிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களின் மூளை ரத்த ஓட்டம் நோயாளிகளுடையதோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் 'வெறும் நடிப்பு' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. என் கணக்கில் காயம் விதைக்கிறது, அது எந்த உருவில் வெளியே வரும் என்பதைச் சுற்றியிருக்கும் ஊர் தீர்மானிக்கிறது.

நம்மூரில் அந்த உருவம் பெரும்பாலும் பேய், அல்லது செத்துப்போன மாமியார். அமெரிக்க மனநலச் சங்கத்தின் 2013 கையேடும் இப்படி வேறொன்று தன்னைப் பிடித்துக்கொண்டதாக உணரும் அனுபவத்தை இந்த நோயின் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டது. கோயில் கொடையில் சாமியாடுவது இதில் வராது, ஊரே ஏற்றுக்கொண்ட வழக்கத்தை நோய் என்று அந்தக் கையேடும் சொல்லவில்லை.

கேட்டுக் கேட்டே உருவாக்கிவிடும் ஆபத்து இருப்பதால் நான் பழசைத் தோண்டுவதில்லை, "யாராவது உன்னைத் தொட்டாங்களா?" என்று வாயில் வார்த்தையைத் திணிப்பதும் இல்லை. வலிப்பும் சில நேரம் இப்படித் தோன்றும் என்பதால், அது இருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் பார்க்கச் சொல்வேன். வந்திருப்பது பிள்ளை என்றால், பயப்படுகிற ஆளோடு இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி நான் புகார் செய்தே ஆக வேண்டும், 'குடும்ப மானம் சார்' என்று கெஞ்சினாலும். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் நீங்களே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம்.