இரண்டு துத்தநாக அணுக்கள்

ஐ.சி.யூ.வில் இருக்கும் நோயாளியின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஆன்டிபயாடிக் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்கு மடங்கும். ‘ஆர்’ என்றால் மடங்காது. நிலைமை மோசமாக இருக்கும்போது மருத்துவர் முதலில் தேடுவது இமிபெனம், மெரோபெனம் என்ற பெயர்களை. அவற்றுக்கு எதிரேயும் ‘ஆர்’ என்று வந்துவிட்டால் கையில் மிச்சமிருப்பவை மிகச் சில மருந்துகளே. அவற்றில் ஒன்றான கோலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய மருந்து.

இமிபெனமும் மெரோபெனமும் கார்பாபெனம் குடும்பத்தைச் சேர்ந்தவை. பென்சிலினுக்குப் பங்காளி முறை. எல்லாம் தாக்குவது ஒரே இடத்தைத்தான்: பாக்டீரியாவின் சுவரை.

பாக்டீரியாவின் உள்ளே அழுத்தம் அதிகம். அது வெடிக்காமல் காப்பது, சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு வலை. அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைப்பவை சின்னச் சின்ன அமினோ அமில இழைகள். பிணைக்கும் முடிச்சைப் போடுவது ஒரு நொதி. பென்சிலின் வகை மருந்துகள் அந்த இழையின் நுனியைப் போலவே இருப்பதால் நொதி ஏமாந்து மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. மருந்தின் நடுவே இருக்கும் நான்கு அணு வளையமோ நாணேற்றிய வில் மாதிரி விறைத்து நிற்பது. தொட்டதும் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முடிச்சுப் போட ஆளில்லை. சுவர் இளகி, பாக்டீரியா வெடித்துச் சாகிறது.

இதற்குப் பாக்டீரியா வைத்திருக்கும் பதில், அந்த வளையத்தை முன்கூட்டியே உடைத்துவிடும் இன்னொரு நொதி: பீட்டா லாக்டமேஸ். இவற்றில் பெரும்பாலானவை செரின் என்ற அமினோ அமிலத்தால் வளையத்தைப் பிடித்து உடைக்கும். உடைந்த மருந்து நொதியில் ஒட்டியிருக்கும். பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து அதைக் கழற்றிவிட, நொதி அடுத்த மருந்துத் துகளுக்குப் போய்விடும். மொத்தத்தில் இரண்டு படிகள். இந்த இரண்டாவது படியை மறந்துவிடாதீர்கள். கார்பாபெனத்தின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

1976இல் மெர்க் நிறுவன விஞ்ஞானிகள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கேட்லியா என்ற மண் பாக்டீரியாவிலிருந்து தியனாமைசின் என்ற பொருளை அறிவித்தார்கள். பென்சிலினில் கந்தகம் இருக்கும் இடத்தில் இதில் கார்பன் இருந்தது. வளையத்தோடு ஒட்டிய பக்கக்கிளையும் வழக்கத்துக்கு மாறான திசையில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிளைதான் நீர் மூலக்கூறை அண்டவிடாமல் தடுக்கிறது. பீட்டா லாக்டமேஸ் கடித்துவிடுகிறது, கடித்த வாயை எடுக்க முடிவதில்லை! தியனாமைசின் சட்டென்று சிதைந்துவிடும் பொருள் என்பதால், அதைச் சற்றே மாற்றி இமிபெனம் செய்தார்கள்.

ஆனால் இமிபெனத்தை உடலுக்குள் செலுத்தியபோது அதை உடைத்தது கிருமியல்ல, நம்முடைய சிறுநீரகம். அங்கே இருக்கும் ஒரு துத்தநாக நொதி இந்த வளையத்தை வெட்டிவிடுகிறது. அதனால் அந்த நொதியை அடக்கும் சிலாஸ்டாடினையும் சேர்த்துத்தான் 1985இல் இமிபெனம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னால் வந்த மெரோபெனத்துக்கு இந்தத் துணை தேவைப்படவில்லை. ஆக, துத்தநாகத்தால் இந்த மருந்தை வெட்ட முடியும் என்ற செய்தி தொடக்கத்திலேயே நம் கையில் இருந்தது.

2008இல், டெல்லியில் சிகிச்சை பெற்றிருந்த ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டது. அவரிடமிருந்து எடுத்த கிளெப்சியெல்லா பாக்டீரியாவில் புதிய நொதி ஒன்று இருந்தது. நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்.-1. இதனிடம் செரின் வேலை எதுவும் இல்லை. இரண்டு துத்தநாக அணுக்கள், நீர் மூலக்கூறைத் தயாராகப் பிடித்து வைத்திருக்கின்றன. மருந்து வந்தவுடன் அந்த நீர் நேராக வளையத்தைத் தாக்குகிறது. மருந்து நொதியோடு ஒட்டும் கட்டமே கிடையாது, எனவே மாட்டிக்கொள்வதும் கிடையாது. கார்பாபெனத்தின் தந்திரம் முழுவதும் வீண்.

அதே நோயாளியின் மலத்திலிருந்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவிலும் அந்த நொதியைச் செய்யும் அதே மரபணு இருந்தது. அது பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்து, ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கே தாவக்கூடியது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு ஓர் ஆய்வு வந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் என்.டி.எம்.-1 இருந்தது.

இந்தியாவில் பெரிய சண்டை எழுந்தது, பெயரைப் பற்றி. ஒரு நகரத்தின் பெயரை நொதிக்கு வைத்தது சரியல்ல என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மறுவருடம் வந்த செய்திக்கு அந்தக் கோபத்தில் பாதியாவது எழுந்திருக்க வேண்டும். டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51இலும், குழாய்க் குடிநீர் 50 மாதிரிகளில் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. காலராக் கிருமியில்கூட அது ஏறியிருந்தது. பிளாஸ்மிட் தாவுவது 30 டிகிரி செல்சியஸில் மிகச் சுறுசுறுப்பாக நடந்தது. நம் ஊர்ச் சாக்கடைக்கு அது சாதாரண வெப்பம். மருந்துச் சீட்டைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறகு வந்தன. மருத்துவர் சீட்டைப் பார்த்து, பதிவு செய்தே கடையில் விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 அட்டவணையில் கார்பாபெனங்கள் சேர்ந்தன. தேவையானவைதான். ஆனால் ஒரு மாத்திரையும் விழுங்காதவரின் குடலுக்கும் தண்ணீர் வழியே இந்த மரபணு போய்ச் சேரும் என்றால், கழிவுநீர்க் குழாய் போடுவதும் மருத்துவம்தான்.

மருந்து ஆராய்ச்சியும் நிற்கவில்லை. பீட்டா லாக்டமேஸ்களை அடக்கும் அவிபாக்டம் என்ற மருந்து, செரினில் போய் ஒட்டுவது. என்.டி.எம்.மில் அதற்கு ஒட்ட இடமில்லை. மறுபக்கம் அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை என்.டி.எம். வெட்டுவதில்லை. ஆனால் என்.டி.எம். உள்ள பாக்டீரியா பெரும்பாலும் செரின் நொதிகளையும் சேர்த்தே வைத்திருக்கும், அவை அஸ்ட்ரியோனத்தை வெட்டிவிடும். சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? அவிபாக்டம் செரின் நொதிகளை அடக்க, அஸ்ட்ரியோனம் முடிச்சுப் போடும் சுவர் நொதியை எட்டுகிறது. இந்தக் கூட்டு மருந்துக்கு 2024இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையே, இந்தியாவில் கிடைத்த ஈ.கோலைகள் சிலவற்றில் சுவர் நொதியிலேயே நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அஸ்ட்ரியோனம் போய் உட்காரும் இடத்தின் ஓரத்தில்.