கேஷுவால்டி என்றால் சாவு இல்லை

படைவீரர்களின் பழைய பணிப்பதிவுகளில் 'கேஷுவால்டி' என்று வரும் இடத்திலெல்லாம் 'உயிரிழப்பு' என்று தமிழில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. மனு எழுதித் தரும் தட்டச்சுக் கடைகளில் எழுதுகிறார்கள், செய்தித்தாளில் எழுதுகிறார்கள், போர் வரலாறு எழுதுகிறவர்களும் எழுதுகிறார்கள். இது தவறு. கண்டும் காணாமல் விடக்கூடிய தவறும் இல்லை. ராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களில் தாத்தாவின் பட்டாளத்துத் தாள்களைத் தகரப்பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. குடும்ப ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றுக்கோ அந்தத் தாள் வெளியே வரும்போது, இந்த ஒரு சொல் குடும்பத்தையே குழப்பிவிடுகிறது.

தேவிபட்டினம் பக்கத்து அக்கா ஒருவர் அப்படி ஒரு தாளையும் அதன் தமிழாக்கத்தையும் கொண்டுவந்தார். தமிழாக்கத்தின் தலைப்பு 'உயிரிழப்புப் படிவம்'. "தம்பி, எங்க அய்யா 1944லயே செத்துட்டார்னுல்ல எழுதியிருக்கு? நான் பொறந்ததே அம்பத்தொண்ணுல" என்றார். மூலத்தைப் பார்த்தால் மூன்றே வரி. மலேரியாக் காய்ச்சலுக்கு மருத்துவமனையில் சேர்ந்தார். குணமாகித் திரும்ப அணியில் சேர்ந்தார். லான்ஸ் நாயக் ஆனார். மூன்றாவது வரி பதவி உயர்வு! அதையும் உயிரிழப்பு என்ற தலைப்புக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறார் மொழிபெயர்த்தவர்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'காதோ' என்றால் விழுதல். அதிலிருந்து 'காசுஸ்', அதாவது வந்து விழுந்தது, எதிர்பாராமல் நேர்ந்தது. ஆங்கிலத்தின் 'கேஷுவல்', 'கேஸ்' எல்லாம் இதே குடும்பம்தான். சாவு என்ற பொருள் வேரிலேயே கிடையாது.

படை வழக்கில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று, போரில் ஓர் அணி இழந்த ஆட்களின் கணக்கு. களத்தில் கொல்லப்பட்டவர் (கே.ஐ.ஏ.), காயத்தால் பிறகு இறந்தவர் (டி.ஓ.டபிள்யூ.), காயம்பட்டவர் (டபிள்யூ.ஐ.ஏ.), காணாமல்போனவர் (எம்.ஐ.ஏ.), போர்க்கைதி (பி.ஓ.டபிள்யூ.) எல்லாரும் அதில் அடக்கம். நாளைக் காலை அணிவகுப்பில் நிற்க முடியாதவர் யாரோ அவர் கேஷுவால்டி. உயிரோடு இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

இரண்டாவது வேலை பதிவேட்டில். பிரிட்டிஷ் ராணுவத்தின் பி.103 படிவத்துக்குப் பெயரே 'கேஷுவால்டி ஃபார்ம்'. இடமாற்றம், மருத்துவமனை, பதவி உயர்வு எல்லாம் அதில்தான் ஏறும். இந்திய ராணுவத்தில் இன்றைக்கும் வீரரின் சொந்த விவரங்களை ஏடேற்ற 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஓர் ஆணை போடுகிறார்களே, அதில் திருமணமும் குழந்தை பிறப்பும் விடுப்பும்கூட கேஷுவால்டி என்ற பெயரில் பதிவாகின்றன. பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு இது தெரியும். "பார்ட் டூ ஆர்டர் போட்டாச்சா?" என்று அவர்கள் கேட்பது, தன் பெயர் ஏடேறியதா என்பதைத்தான். அந்தப் பதிவை 'உயிரிழப்பு' என்று மொழிபெயர்த்தால் கல்யாணமும் உயிரிழப்பாகிவிடும்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? 'உயிரிழப்பு மக்களுக்குப் புரிகிறது' என்கிறார்கள். புரிகிறதுதான், தப்பாகப் புரிகிறது. 1916 ஜூலை 1 அன்று, முதல் உலகப்போரில் பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாளில், பிரிட்டிஷ் படையின் கேஷுவால்டி 57,470. அதில் இறந்தவர்கள் 19,240 பேர். 'ஒரே நாளில் 57 ஆயிரம் பேர் பலி' என்று எழுதினால், பிழைத்த முப்பத்தெட்டாயிரம் பேரை எழுதுகிறவரே கொன்றுவிடுகிறார். கார்கிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் நம் பக்கம் இறந்தவர்கள் 527, காயம்பட்டவர்கள் 1,363. இரண்டையும் கூட்டி உயிரிழப்பு என்று எழுத யாருக்காவது மனம் வருமா? தெரிந்த போரில் செய்யமாட்டோம் என்பதைத் தெரியாத போரில் தயங்காமல் செய்கிறோம்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'வீழ்ந்தோர்' என்கிறார்கள். வேர்ப்பொருள் 'விழுதல்' என்பதால் அப்படியே பெயர்த்துவிட்டார்களாம். தூய்மைமேல் அவர்களுக்கு இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன், எனக்கும் அது உண்டு. ஆனால் தமிழில் ஒரு வீரன் களத்தில் வீழ்ந்தான் என்றால் இறந்தான் என்றுதான் பொருள். லத்தீன் வேருக்கு விசுவாசமாக இருக்கப்போய்த் தமிழ் வழக்கைக் கைவிட்டால் அது என்ன தூய்மை? சுற்றிவந்து அதே உயிரிழப்பில்தான் நிற்கிறோம். இன்னொரு சாரார் 'விபத்தாளர்' என்கிறார்கள். எதிரி குறிபார்த்துச் சுட்டது விபத்தா? காயம்பட்டவர் என்ற இடத்தில் 'விழுப்புண் பட்டவர்' என்று போடுகிறவர்களும் உண்டு. அழகான சொல், ஆனால் அது போரில் மார்பிலும் முகத்திலும் ஏற்ற புண்ணுக்குப் புகழாகச் சொன்னது. பதிவேட்டில் காயம் எங்கே பட்டது என்றே இருக்காது. காயம் என்றால் காயம், அதுபோதும்.

இதில் பெரிய வேடிக்கை, கேஷுவால்டி என்ற சொல் நம் ஊருக்குப் புதிதே இல்லை. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் நள்ளிரவில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் 'கேஷுவால்டியில் சேர்த்திருக்கிறோம்' என்றுதான் வீட்டுக்குப் போன் போகும். கேட்டவர் ஒப்பாரி வைப்பதில்லை, பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். படிக்காத ஆத்தாவுக்கு விளங்கிய பொருள் மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை.

என் முடிவு இதுதான். பதிவேட்டுப் பொருளுக்கு 'நேர்வு' என்று எழுதலாம். நேர்ந்தது நேர்வு, காசுஸுக்கு அச்சான தமிழ். அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள், ஆக அலுவலகத்துக்கும் புதுச்சொல் இல்லை. நேர்வுப் படிவம், திருமண நேர்வு, மருத்துவமனை நேர்வு எல்லாம் தடங்கலில்லாமல் வருகின்றன. போர்க்கணக்குக்கு 'ஆளிழப்பு'. அணி இழந்தது ஆளை, அவர் உயிரை இழந்தாரா என்பதை அடுத்த வரி சொல்லட்டும். 'ஆட்சேதம்' பழகிய சொல்தான். ஆனால் பேச்சில் அது சாவுப் பக்கமே சாய்வதால் நான் அதைத் தள்ளுகிறேன். ஒரு விதிவிலக்கு உண்டு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் தன் பட்டியல்களில் இறந்தவர்களை மட்டுமே கேஷுவால்டி என்கிறது. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்திலும் பெயர் தேடுகிறவர்கள் அங்கே 'போரில் இறந்தோர்' என்றே எழுதிக்கொள்ளலாம்.

பதவிச் சுருக்கங்களிலும் இதே அவசரம்தான். 'சப் மேஜர்' என்பதைத் 'துணை மேஜர்' என்கிறார்கள். அது சுபேதார் மேஜர், இளநிலை ஆணை அதிகாரிகளில் எல்லாருக்கும் மூத்தவர். 'என்.கே.' என்றால் நாயக், அதைச் சாதிப்பெயர் என்று எண்ணி 'நாயக்கர்' ஆக்கக்கூடாது. 'ஜெம்' என்பது ஜமேதார். 1965இல் அந்தப் பதவியின் பெயர் நாயப் சுபேதார் என்று மாறியது, ஆகவே தாத்தா ஜமேதார், பேரன் நாயப் சுபேதார் என்றால் இருவரும் ஒரே படியில் இருந்தவர்கள். 'எஸ்.பி.ஆர்.' சாப்பர், அதாவது பொறியாளர் படை வீரர்; 'ஜி.என்.ஆர்.' கன்னர், அதாவது பீரங்கிப் படை வீரர். இவற்றைத் தமிழாக்கவே வேண்டாம், சிப்பாய் ஹவில்தார் போல ஊர் வாயில் புழங்கும் பெயர்கள் இவை.

பதக்கத்தில் கவனம் இன்னும் வேண்டும். பெயருக்குப் பின்னால் 'எஸ்.சி.' என்றிருந்தால் அது சௌர்ய சக்ரா, சாதிச் சான்று இல்லை. 1967 வரை அதற்கு அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு என்று பெயர். 'எஸ்.எம்.' சேனா மெடல், 'ஐ.டி.எஸ்.எம்.' வெள்ளைக்காரன் காலத்து இந்திய வீரத்தொண்டுப் பதக்கம். 'பர்மா ஸ்டார்' வீரச்செயலுக்குத் தந்தது இல்லை. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போரில் பணியாற்றியதற்குக் கொடுத்தது. அதை 'வீர விருது' என்று எழுதினால் அடுத்த அலுவலகத்தில் மனு திரும்பி வரும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது கடைசிப் பக்கத்தில்தான். 'டிஸ்சார்ஜ்' என்பதைப் 'பணிநீக்கம்' என்கிறார்கள். பணிநீக்கம் தண்டனை. டிஸ்சார்ஜ் பெரும்பாலும் காலம் முடிந்தோ போர் முடிந்தோ முறையாக அனுப்பி வைத்தது, அதற்குப் 'பணிவிடுவிப்பு' இருக்கிறது. 'இன்வாலிடட்' என்றால் உடல்தகுதி இழந்து விடுவிக்கப்பட்டவர், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்பதற்கு முதல் ஆதாரமே அந்தச் சொல்தான். அதைச் 'செல்லாதவர்' என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருகிறார்கள். தாளைக் கொடுக்கப் போகிறவர்கள் மூலத்தின் நகலையும் கூடவே இணையுங்கள். தமிழாக்கத்தில் சுருக்கெழுத்தை முதலில் உள்ளபடியே எழுதி, விளக்கத்தை அதன் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.