தட்டிப் பார்த்தால் எத்தனை அசை?

கொக்குவிலில் ரியூசன் முடிந்து வந்த அக்காவின் மகள், சைக்கிளை மதிலில் சாத்திய கையோடு கேட்டாள்: "மாமா, 'ஓல்ட்-ஃபாஷன்ட்' எத்தனை அசை?"

கை தட்டி எண்ணச் சொன்னேன். நான்கு தட்டினாள். கடைசித் தட்டு, 'ட்' ஒலிக்குப் பின்னால் நம் நாக்கு தானாகச் சேர்க்கும் குற்றியலுகரத்துக்கு. ஆங்கிலத்தில் அந்த உகரம் இல்லை, மூன்றே அசை. (அசை என்று இங்கே சொல்வது யாப்பின் நேர், நிரை அல்ல, ஓர் உயிரொலியைச் சுற்றிய துண்டு.)

'கைண்ட்-ஹார்ட்டிட்' என்பதும் மூன்றுதான். ஆனால் அங்கே சொல்லின் கடைசியில் வரும் -ed விகுதியே தனி அசை. 'ட்' ஒலியில் முடியும் சொல்லோடு இன்னொரு 'ட்' சேரும்போது நடுவில் ஓர் உயிர் வேண்டும். மற்ற இடங்களில் விகுதி முன் அசையோடு ஒட்டிக்கொள்ளும்: 'வன்-ஐட்', ஒற்றைக்கண், இரண்டே அசை. ஒற்றைக்காலைக் குறிக்கும் 'வன்-லெகிட்' போன்ற சில மட்டும் பழைய உச்சரிப்பை விடாமல் நிற்கின்றன; அது மூன்று அசை.

உண்மையான சிக்கல் இரு சொற்களும் சேரும் பொருத்தில் இருக்கிறது. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்பது நல்லூர் ஆறுமுக நாவலர் உரையெழுதிய நன்னூலின் விதி: முன்சொல்லின் கடைசி மெய்மேல் பின்சொல்லின் முதல் உயிர் ஏறிக்கொள்ளும். நாளும் ஒன்றும் நாளொன்று ஆகும். அதே பழக்கத்தில், குட்டைக்காது என்னும் 'ஷோர்ட்-இயர்ட்' நம் வாயில் 'ஷோர்ட்டியர்ட்' ஆகிவிடுகிறது. ஆங்கிலம் அந்தத் தையலைப் போடுவதில்லை.

ஒரு பஸ் டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். குட்டைவாலைக் குறிக்கும் 'ஷோர்ட்-டெய்ல்ட்' என்னும்போது 'டெய்' அசையின் தலையில் 'ட்' நிற்கிறது. மூச்சு வெடித்துத் தாள் ஆடவேண்டும். 'ஷோர்ட்-இயர்ட்' என்பதில் 'ட்' முன்சொல்லின் வாலோடு நின்றுவிடும்; தாள் அசையாது. அவளுக்கு இரண்டிலுமே அசையவில்லை. நாக்கு படும் இடத்தில் பிழையில்லை. 'பற்றரி' என்று எழுதும் யாழ்ப்பாணத்தாருக்கு அந்த 'ற்ற' ஆங்கிலேயரின் இடத்திலேயே பிறக்கிறது. நம் வல்லினத்தில் மூச்சு வெடிப்பதில்லை, அவ்வளவுதான். ஏழாவது முயற்சியில் டிக்கெட் ஆடியது.

அடுத்து அழுத்தம். வாக்கியத்தின் முடிவில் வரும் 'ஓல்ட்-ஃபாஷன்ட்', 'ஃபா'வில் ஓங்கி ஒலிக்கும். பழைய பாணிக் கதிரையைக் (நாற்காலியை) குறிக்கும் 'ஓல்ட்-ஃபாஷன்ட் செயார்' என்றால் ஓங்கல் 'ஓல்ட்' மீது தாவிவிடும். பின்னால் வரும் 'செயார்' தனக்கும் ஓர் அழுத்தம் கேட்கிறது. ஓங்கல்கள் நெருங்கி நிற்பதை ஆங்கிலச் சந்தம் பொறுப்பதில்லை.

"அகராதியில் 'ஃபா'வுக்கு முன்னால்தானே குறி போட்டிருக்கிறது?" என்றாள். அகராதி சொல்லைத் தனியே நிறுத்திக் காட்டுகிறது. கதிரையோடு சேர்த்து அல்ல.