பார்: ‘ரீஃப்’ என்பதற்குக் கடலில் புழங்கும் சொல்

தூத்துக்குடியில் தூண்டில் ஆர்வலர்களைக் கடலுக்கு அழைத்துப்போகும் நண்பர் ஒருவர், தம் படகுப் பயணத்துக்குத் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதித் தரக் கேட்டார். ‘ரீஃப் ஃபிஷிங்’ என்று அவர் சொன்னதை, அகராதியைப் புரட்டி, ‘பவளப்பாறை மீன்பிடிப் பயணம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அழகாக இருந்தது. அறிக்கை ஒட்டிய மூன்றாம் நாள் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். “பவளப்பாறையில் மீன் பிடிக்கிறாயே, உள்ளே போக அவ்வளவு ஆசையா என்று கேட்கிறார்கள்” என்றார்.

கேட்டவர்கள் மேல் குற்றமில்லை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை நீளும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது. பவளமோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. நண்பரின் படகு போவது அந்தத் தீவுகளுக்கு அல்ல. அவற்றைத் தாண்டி வெளிக்கடலில் இருக்கும் கல்தரைக்கு. ஒரு தவறான சொல்லால் அவரை நான் சட்டத்தின் முன்னால் நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

பிராயச்சித்தமாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடனேயே கடலுக்குப் போனேன். பைபர் படகு. ஓட்டியவர் அறுபதைத் தாண்டிய அண்ணாச்சி. நண்பரிடம் அடித்தரையைத் திரையில் காட்டும் கருவி இருந்தது. அண்ணாச்சி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஈயக் குண்டு கட்டிய தூண்டில் நரம்பைக் கீழே விட்டு, அது தரை தொட்டதும் என் சுட்டுவிரலில் மாட்டினார். “ஒரு சாண் தூக்கி விடு தம்பி.” விட்டேன். ஈரத்துணி மூட்டையில் விழுந்ததுபோல் ஓசையில்லாமல் அமிழ்ந்தது. “சேறு” என்றார். படகு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி தூக்கி விட்டேன். விரல் நுனியில் ‘டக்’கென்று ஒரு துடிப்பு, கதவைக் கணுவால் தட்டியதுபோல.

“இப்போது பார்” என்றார் அண்ணாச்சி.

நான் எட்டித் தண்ணீரைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பார்க்கச் சொல்லவில்லை தம்பி. கீழே இருப்பது பார்.”

சொல் அங்கேயே இருந்தது. நான்தான் அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன்.

பார் என்பது கடலடியில் சேறும் மணலுமான பரப்புக்கு நடுவே தலைகாட்டும் கெட்டியான கல்தரை. அதில் பவளம் படர்ந்திருக்கலாம், படராமலும் இருக்கலாம், சிப்பி அப்பியிருக்கலாம், கடற்பஞ்சும் பாசியும் மட்டும் இருக்கலாம். மேலே என்ன வளர்ந்திருக்கிறது என்பது இந்தச் சொல்லுக்குப் பொருட்டல்ல; அடித்தரை கல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் சிப்பி விளைந்த இடங்கள் எல்லாமே பார்கள்தான். கரையிலிருந்து 12 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. ஒவ்வொன்றுக்கும் ஊர் போலப் பெயர் உண்டு: இந்தப் பக்கம் தொளாயிரம் பார், மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் பெரிய பார், செவல் பார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சிப்பிக்காக யாரும் மூழ்காத இந்த அறுபது சொச்சம் ஆண்டுகளிலும் பார்களின் பெயர்கள் அழியாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே மீன் இருப்பதுதான்.

ஆங்கிலேயர் இதை ‘பேர்ல் பேங்க்’, அதாவது முத்து விளையும் கடல்மேடு, என்றார்கள். ஆனால் உள்ளே இறங்கி ஆராய வந்தவருக்கு ‘பேங்க்’ போதவில்லை. 1902இல் இலங்கை அரசுக்காக மன்னார் வளைகுடாவை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையில் ‘பார்’ என்ற தமிழ்ச் சொல்லையே எடுத்தாள்கிறார். லிவர்பூலிலிருந்து வந்தவருக்குக் காதில் விழுந்த சொல் நமக்கு விழாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, ‘ரீஃப்’ எங்கிருந்து வந்தது? வடகடலோரத்து மாலுமிகளின் சொல் அது. பழைய நார்ஸ் மொழியில் ‘ரிஃப்’ என்றால் விலா எலும்பு. தண்ணீருக்கடியில் நீளவாக்கில் புடைத்துக் கிடக்கும் கல்வரிசையைக் கடலின் விலாவாகக் கண்டார்கள். டச்சு மாலுமிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தக் குளிர்ந்த கடல்களில் கப்பலைத் தட்டும் அளவுக்கு மேலே வளர்ந்த பவளத் திட்டு எங்கே இருக்கிறது? கப்பலின் அடியைக் கிழிக்கும் கல்தான் அவர்களுடைய ‘ரீஃப்’. பவளம் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் பவளத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கோரல் ரீஃப்’ என்று இரண்டு சொல் போட வேண்டியிருக்கிறது. நாம் அந்த இரண்டையும் சேர்த்துப் ‘பவளப்பாறை’ என்று சரியாகவே மொழிபெயர்த்தோம். பிறகு வெறும் ‘ரீஃப்’ வந்த இடத்திலும் அதையே போட்டோம். கோளாறு அங்கே தொடங்குகிறது.

பவளத்துக்கும் ‘ரீஃப்’புக்கும் ஒட்டுறவு கட்டாயமில்லை என்பதற்குக் கடலை விட்டு வெகுதூரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. கோலார் தங்கவயலின் புகழ்பெற்ற சுரங்கத்தின் பெயர் சாம்பியன் ரீஃப். தங்கம் ஓடும் கல்நாளத்தைச் சுரங்கத் தொழிலில் ‘ரீஃப்’ என்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் இறங்கி ஏறிய சுரங்கம் அது. தக்காணத்தின் வயிற்றுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தோண்டினாலும் பவளம் கிடைக்காது.

வியப்பு என்னவென்றால், நம்முடைய ‘பார்’ என்ற சொல்லும் இதே இரட்டை வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. புறநானூற்றின் 14ஆம் பாட்டில் ‘பார் உடைத்த குண்டு அகழி’ என்று ஒரு தொடர் வருகிறது. குண்டு என்றால் ஆழம். கெட்டியான நிலத்தை உடைத்து ஆழமாக வெட்டிய அகழி. கபிலரின் பாட்டில் மண்வெட்டி மோதிய அந்த ‘பார்’தான், அண்ணாச்சியின் ஈயக் குண்டு மோதிய பார். நிலத்துக்கு அடியிலும் நீருக்கு அடியிலும் ‘இதற்குமேல் இளக்கமில்லை’ என்று சொல்லும் தளம். ‘ரீஃப்’புக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல்லை யாரும் உட்கார்ந்து உருவாக்கியிருக்க முடியாது.

புழக்கத்தில் இருக்கும் மற்ற சொற்களையும் ஒரு கை பார்த்துவிடலாம். ‘பவளத்திட்டு’ நல்ல சொல், பவளம் இருக்கும் இடத்தில். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக் கடலில் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளம் கட்டிய திட்டுக்கு அது பொருந்தும். ‘திட்டு’ மட்டும் என்றால் நமக்கு மணல்திட்டு நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பவை திட்டுகள், பார்கள் அல்ல. இலங்கைத் தமிழர் பவளத்தை ‘முருகைக்கல்’ என்பார்கள். அழகான சொல், ஆனால் அதுவும் பவளத்தைத்தான் சொல்கிறது. எல்லாவற்றையும் விட எனக்குச் சங்கடம் தருவது செய்தித்தாள்களின் ‘செயற்கைப் பவளப்பாறை’. மீன்வளம் பெருக்கக் கடலில் இறக்கும் சிமெண்ட் கட்டமைப்புகளுக்கு இந்தப் பெயர். சிமெண்ட்டில் பவளம் ஏது? செயற்கைப் பார் என்றால் முடிந்தது. மீன் ஒதுங்கக் கெட்டியான தளமும் பொந்தும் வேண்டும். அதைத்தான் நாம் செய்து போடுகிறோம்.

அந்தப் பொந்துதான் தூண்டில்காரர்களின் கதையில் வில்லன். பாரை நம்பி வாழும் மீன்களைப் பார்மீன் என்றே சொல்லலாம்: களவா, செப்பிலி, விளைமீன். வஞ்சிரமும் பாரை என்ற மீனும் இரை தேடிப் பாரின் மேல் சுற்றுமே தவிர அங்கேயே குடியிருப்பவை அல்ல. களவா குடியிருக்கும் மீன். இரையைக் கவ்வியதும் வஞ்சிரம் போலக் கடலெங்கும் இழுத்துக்கொண்டு ஓடாது. நேராகத் தன் பொந்துக்குள் புகுந்து செவுளையும் முதுகு முள்ளையும் விரித்து ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துகொள்ளும். முதல் இரண்டு மூன்று நொடிகளில் அதைப் பாரிலிருந்து கிளப்பாவிட்டால் பிறகு கல்லோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அன்று எனக்கு நடந்தது அதுதான். நரம்பு கல்விளிம்பில் உரசி அறுந்ததைக் கையிலேயே உணர முடிந்தது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே விரிந்திருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற கடல்மேடு, களவாவுக்குப் பேர்போன இடம். 1976 மார்ச்சில் ஏற்பட்ட இந்திய-இலங்கை உடன்பாடு அதன் உரிமையை இந்தியாவுக்கு உறுதிசெய்தது. அங்கே பிடிபட்ட மீனைப் பற்றிய ஆங்கில மீன்வள அறிக்கைகள் அதை ‘களவா’ என்றே எழுதின. ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆகிவிட்ட கட்டுமரத்துக்குப் பின்னால் பாரும் களவாவும் சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குப் போய் வந்திருக்கின்றன.

இந்த மீனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், தூண்டில்காரர்கள் பலர் அறியாதது. களவா இனத்தில் பெரும்பாலானவை பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து பெருத்தபின் சில ஆணாக மாறுபவை. பெரிய மீனோடு படம் எடுக்கும் ஆசையில் பெரியவற்றையே பிடித்துக்கொண்டிருந்தால் பாரில் ஆணே இல்லாமல் போகும். சிறியதை விட்டுவிடுகிறோம் என்பவர்களுக்கும் ஒரு தடங்கல்: ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கிய மீனின் காற்றுப்பை ஊதி, வாய்வழியே இரைப்பை பிதுங்கும். அப்படியே தண்ணீரில் விட்டால் மிதந்து சாகும். தாடையில் ஓர் எடையை மாட்டி அடிவரை இறக்கி விட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இனி சாமான்கள். ‘டேக்கிள்’ என்பதும் கப்பல்காரர் சொல்தான். கீழ் ஜெர்மானியத்தில் பாய்மரக் கயிறு, கப்பி முதலானவற்றைக் குறித்தது. நம்மிடம் தூண்டில் சாமான் என்றால் யாருக்கும் புரியும். முள், நரம்பு, ஈயம், தக்கை, இரை. கடைக்காரரும் இப்படித்தான் எடுத்து வைப்பார். ஒற்றை இழை நைலான் நரம்பைத் தங்கூசி என்பார்கள். ‘தங்க ஊசி’ என்று பிரித்து மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மலாயில் ‘தங்சி’ என்றும் சிங்களத்தில் ‘தங்குஸ்’ என்றும் அதே நரம்பைச் சொல்வதால் இந்தச் சொல்லுக்கும் தங்கத்துக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பாரில் தூண்டில் போட இந்தத் தங்கூசி தேவை. மெல்லிய பின்னல் நூல் இழுவிசையைத் தாங்கும், கல் உரசினால் தாங்காது. அதனால் முள்ளுக்கு மேலே சில மீட்டர் தடித்த தங்கூசி கட்டுகிறார்கள். ஈயத்தை மட்டும் வேண்டுமென்றே மெலிந்த நூலில் தொங்கவிடுவார் அண்ணாச்சி. கல்லிடுக்கில் சிக்கினால் ஈயம் அறுந்து போகட்டும், முள்ளும் மீனும் மிஞ்சட்டும் என்ற கணக்கு.

இரையே இல்லாமல், மீன் வடிவில் வார்த்துப் பளபளப்பாக்கிய உலோகக் கட்டியைப் பாரின் மேல் துள்ளவிட்டு ஏமாற்றுவதை இப்போது ‘ஜிக்கிங்’ என்கிறார்கள். அந்தக் கட்டி ‘ஜிக்’. இதற்குத் தமிழ் தேடி நான் அதிகம் அலையவில்லை. ‘வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது 931ஆம் குறள். இரைக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு முள்ளைத்தான் அங்கே ‘பொன்’ என்கிறார் வள்ளுவர். உலோகம் என்ற பொருளில். ஜிக்கில் ஒளிவுமறைவு கூட இல்லை, மீன் உலோகத்தையே இரையென்று விழுங்குகிறது. தூண்டிற்பொன் என்று வைத்துக்கொண்டால் சொல் புதிதாகவும் இருக்கும், பழையதாகவும் இருக்கும். கடைகளில் இது எடுபடாது என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார். தோற்பேன் என்றே எனக்கும் தோன்றுகிறது.

பாரைக் கண்டுபிடிக்கும் கலைக்கும் சொல் இருக்கிறது. கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி, வேறு திசையில் இன்னொரு சோடியையும் அப்படியே நிறுத்தி, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம் இறக்குவது. குமரி மாவட்டத்தில் இதைக் கணிச்சம் என்பார்கள். ஜிபிஎஸ் கருவிகள் வந்தபின் இளைஞர்கள் எண்களைச் சேமித்துக்கொள்கிறார்கள். எண்ணுக்கும் ‘கணிச்சம்’ என்ற பெயரையே நீட்டிக்கொண்டால் என்ன?

‘பார்’ என்ற சொல்லின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ‘பாருக்குள்ளே நல்ல நாடு’ என்று பாரதியார் பாடிய பார் உலகம். கண்ணால் காண்பதற்கும் பார். நகரத்துச் சுவரில் ‘பார் மீன்பிடிப்பு’ என்று எழுதினால் குடிமகன்கள் குளிர்சாதன வசதி உண்டா என்று விசாரிப்பார்கள். எனவே கரையில் எழுதும்போது ‘கடற்பார்’ என்று எழுதலாம். கடலில் இருக்கும்போது வெறும் ‘பார்’ போதும், அங்கே யாரும் குழம்புவதில்லை. எழுத்தையும் கவனிக்க வேண்டும். ‘பார்’ இடையின ரகரம். பாறைக்கு வல்லின றகரம். பாரை என்ற மீனுக்கு மறுபடி இடையினம்.

நண்பரின் அறிக்கையைத் ‘தூத்துக்குடி கடற்பார் தூண்டில் பயணம்: களவா, விளைமீன் முதலிய பார்மீன்கள்’ என்று திருத்திக் கொடுத்தேன். அச்சகத்தில் எழுத்துப்பிழை என்று எண்ணிப் ‘பார்மீன்கள்’ என்பதைப் ‘பாரைமீன்கள்’ ஆக்கிவிட்டார்கள். ஐந்நூறு பிரதிகள். நண்பர் அதையே ஒட்டிவிட்டார்; போன வாரம் அந்த அறிக்கையைப் பார்த்து வந்த நால்வரும் பாரை கேட்டார்களாம், பாரை கிடைத்ததாம்.